கணினிக் கோப்பும் காப்புப் பிரதியும்



திருகோணமலை உள்துறைமுகத்தை அடுத்த சீனக்குடாவில், காட்டினிடையே வட்டவடிவமான பெரும் எண்ணெய்த் தாங்கிகள் நிற்பதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். பிரித்தானியர் தம் கடற்படையின் தேவைக்கெனக் கட்டிய அத்தாங்கிகள் மொத்தம் 101. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கியபோது அவற்றுள் ஒன்று தீப்பற்றி அழிந்தது. பிற்காலத்தில் இன்னொன்றும் இழக்கப்பட, இன்று எஞ்சியிருப்பவை 99. எண்ணெய் முழுவதையும் ஒரே தாங்கியில் நிரப்பி வைத்திருந்தால் அன்றைய ஒரு தீயிலேயே அனைத்தும் போயிருக்கும். அருமையான பொருளை ஓரிடத்தில் மட்டும் வைத்தலாகாது என்னும் உண்மையை அத்தாங்கிகள் இன்றும் நமக்கு உணர்த்துகின்றன.

இவ்வுண்மையை நாம் நமது கணினி விடயத்தில் மட்டும் மறந்துவிடுகின்றோம். பாடசாலையின் புள்ளிப்பட்டியல், கடைக்காரரின் கடன் கணக்கு, மீனவர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், குடும்பத்தின் ஒளிப்படங்கள் ஆகிய யாவும் இன்று கணினியினுள்ளே, கையகலமேயுள்ள ஒரு வன்தட்டில் அடங்கிக் கிடக்கின்றன. அந்தத் தட்டும் தேய்ந்து பழுதாகும் ஒரு பொருளே. இடி, மின்வெட்டு, வெள்ளம், களவு, கைதவறி அழித்தல் ஆகிய இவற்றுள் எதுவும் அதன் வாழ்வை ஒரு கணத்தில் முடித்துவிடலாம். கடற்காற்றின் உப்பு இரும்பையே தின்னும் நம் ஊரில், மின்கருவிகளின் ஆயுள் இன்னுங் குறுகியது.

இதை நான் ஏட்டுக் கல்வியால் அறிந்தேனல்லேன், பட்டறிந்தேன். நான் முன்னர் அதிபராயிருந்த ஒரு பாடசாலையில், மூன்றாண்டுகளின் தவணைப் புள்ளிகள் யாவும் அலுவலகக் கணினியில் இருந்தன. அவற்றைப் பிரதி செய்வதற்கென ஒரு பென்டிரைவும் வாங்கியிருந்தோம். வெள்ளிக்கிழமைதோறும் பிரதி செய்வதென்று முடிவும் செய்திருந்தோம். முதல் நான்கு வெள்ளி தவறவில்லை. பின்னர் விளையாட்டுப் போட்டி வந்தது, பரீட்சை வந்தது, பெற்றோர் கூட்டம் வந்தது. கார்த்திகை மாதத்து இரவொன்றில் இடியுடன் மழை பெய்தது. மறுநாட் காலை கணினி எழவில்லை. பென்டிரைவை எடுத்துப் பார்த்தபோது, அதிலிருந்த பிரதி நான்கு மாதம் பழையதாயிருந்தது.

ஆசிரியர்கள் தத்தம் புள்ளிப் புத்தகங்களைக் கொணர்ந்து, மாலைவேளைகளில் அமர்ந்து, எல்லாவற்றையும் மீண்டும் பதிந்தனர். ஆனால் இடமாற்றம் பெற்றுச் சென்ற ஆசிரியர் ஒருவரின் புத்தகம் கிடைக்கவில்லை. ஒரு வகுப்பின் ஒரு பாடத்துக்குரிய இரண்டாந் தவணைப் புள்ளிகள் வெற்றிடமாகவே நின்றுவிட்டன. சில ஆண்டுகளின் பின் அவ்வகுப்பு மாணவன் ஒருவன் தன் தேர்ச்சி அறிக்கையின் பிரதி வேண்டி வந்து நின்றபோது, அந்த வெற்றிடத்தை அவனுக்குக் காட்ட நேர்ந்தது. அவன் ஒன்றுங் கூறாது போனான். குற்றம் இடியினதன்று, என்னுடையதே.

அந்நிகழ்ச்சி எனக்குக் கற்பித்தது இதுவாகும்: மனிதனின் ஞாபகத்தை நம்பி நிற்கும் காப்புப் பிரதி, காப்புப் பிரதியன்று. மறதி நமக்கு இயல்பு. ஏவியதை நேரந் தவறாது செய்தல் இயந்திரத்துக்கு இயல்பு. ஆகவே அப்பணியை இயந்திரத்திடமே ஒப்படைத்தல் வேண்டும்.

பெரிய நிறுவனங்களுக்கு இவ்விடர் இல்லையென்று எண்ணிவிடாதீர்கள். 2023ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவை, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணயப் பணம் கேட்கும் தீய மென்பொருளொன்றால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. பிரதிகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் அவையும் அதே வலையமைப்பில் இணைந்திருந்தமையால் அவற்றையும் அத்தீமை தீண்டியது. இணைப்பினின்றும் விலக்கி வைக்கப்பட்ட பிரதி, மே மாதம் 17ஆந் திகதி முதல் ஓகத்து 26ஆந் திகதி வரையான காலத்துக்கு இருக்கவில்லை. அக்காலத்து மடல்கள் மீளவில்லை.

இத்தகைய இழப்புகளைத் தடுக்க அறிஞர் கூறும் எளிய விதி ஒன்று உண்டு. ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்பது அது. பீட்டர் குரோக் என்னும் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் இதைப் பரப்பினார். எக்கோப்புக்கும் மூன்று பிரதிகள் இருத்தல் வேண்டும். அவை இரண்டு வேறு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும்.

இது நமக்குப் புதிய அறிவன்று. நம் கோணமாமலையையும் பாடிய திருஞானசம்பந்தரின் பதிகங்கள் ஏட்டுச் சுவடிகளில் வாழ்ந்தவை. அவ்வேடுகளுட் பல தில்லையிற் செல்லுக்கு இரையாயின என்பது மரபு. அவர் பாடிய திருவிடைவாய்ப் பதிகம் ஏடுகளில் இல்லாதொழிந்தது. 1917ஆம் ஆண்டில் அவ்வூர்க் கோயிற் கல்வெட்டொன்றில் அது கண்டெடுக்கப்பட்டது. ஓலைக்குச் செல் பகை. கல்லுக்கு அது பகையன்று. வேறு சாதனத்தில், வேறிடத்தில், எவரோ செய்து வைத்த இரண்டாம் பிரதியே அப்பதிகத்தை நமக்கு மீட்டுத் தந்தது.

இனிச் செய்முறைக்கு வருவோம். வின்டோஸ் 10, வின்டோஸ் 11 ஆகிய இரண்டிலும் ஃபைல் ஹிஸ்டரி என்னும் வசதி உள்ளது. இதற்குத் தனிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வேண்டுவது வெளியிலிருந்து இணைக்கும் வன்தட்டு ஒன்றே. உங்கள் கோப்புகள் பிடிக்கும் இடத்தைப் போல் இருமடங்கேனும் கொள்ளத்தக்கதாய் அது இருப்பது நன்று.

முதலாவதாக, காக்க வேண்டிய கோப்புகள் அனைத்தையும் டாக்குமென்ட்ஸ் என்னும் கோப்புறையினுள் ஒழுங்காகச் சேருங்கள். இவ்வசதி நூலகம் எனப்படும் குறித்த சில கோப்புறைகளையும் முகப்புத் திரையையுமே கவனிக்கும். வேறோர் மூலையிற் போட்டுவைத்த கோப்பை அது அறியாது. இரண்டாவதாக, வன்தட்டை இணைத்து, கன்ட்ரோல் பேனலைத் திறந்து, ஃபைல் ஹிஸ்டரி என்பதைத் தெரிந்து, அதனை இயங்கச் செய்யுங்கள். மூன்றாவதாக, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை பிரதி செய்தல் வேண்டும் என்பதைக் குறியுங்கள். நாம் ஒன்றுங் கூறாவிடின் அது மணிக்கொருமுறை செய்யும். பத்து நிமிடம் முதல் ஒரு நாள் வரை மாற்றிக்கொள்ளலாம். பாடசாலை அலுவலகத்துக்கு மணிக்கொருமுறை போதும்.

இம்முறையின் சிறப்பு யாதெனில், மாறிய கோப்பின் பழைய வடிவத்தையும் அது அழியாது வைத்திருத்தலாகும். ஒரு கோப்புறையை மற்றொன்றின் நிழல்போல் ஒப்பாக்கும் முறைகளும் உள. அவற்றில் ஓர் இடர் உண்டு. இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். பழைய வடிவங்களைப் பேணும் முறையிலோ, நேற்றுப் பிற்பகல் இருந்த பட்டியலை இன்று மீட்டுக்கொள்ளலாம்.

எனினும் கணினியோடு எந்நேரமும் இணைந்திருக்கும் தட்டு, கணினிக்கு வருந் தீங்கைத் தானும் ஏற்கும். இடியும் தீய மென்பொருளும் இரண்டையும் ஒருங்கே தாக்கலாம். ஆதலால் இரண்டாவது வன்தட்டு ஒன்றில் மாதமொருமுறை முழுப் பிரதியெடுத்து, கழற்றி, வேறு கட்டடத்தில், பூட்டிய அலுமாரியில் வையுங்கள். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி கிண்ணியாவிலும் மூதூரிலும் கடல் ஊருக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. எனவே அக்கட்டடம் மேட்டு நிலத்தில் இருப்பது நலம். மாணவர் விவரங்கள் பிறர் கையிற் சேரலாகாதாகையால் திறவுகோல் பொறுப்பானவரிடமே இருக்கட்டும்.

இம்மாதப் பணியை மட்டும் மனிதரே செய்தாக வேண்டும். அதையும் ஞாபகத்துக்கு விட்டுவிடாதீர்கள். நான் அதைச் சம்பவத்திரட்டுப் புத்தகத்திற் பதியும் வழக்கத்தை ஏற்படுத்தினேன். மாதத்தின் முதல் வேலைநாளில் திகதியும் கையொப்பமும் அங்கே இருத்தல் வேண்டும். இல்லையேல் அந்த வெற்றிடம் என்னை நோக்கி வினவும்.

இறுதியாக ஒன்று. மீட்டுப் பாராத பிரதியை நம்பாதீர்கள். தவணைக்கொருமுறை ஏதேனும் ஒரு கோப்பை வன்தட்டிலிருந்து எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். எழுத்துகள் ஒழுங்காகத் தோன்றுகின்றனவா, எண்கள் சரியாக உள்ளனவா என்று நோக்குங்கள். படகின் நங்கூரக் கயிற்றைப் புயலுக்கு முன்னரே இழுத்துப் பார்ப்பவனே நல்ல மீகாமன்.

இவ்வளவும் செய்து முடிக்க ஒரு பிற்பகற் பொழுது போதும். அதற்கான விலை ஓரிரு வன்தட்டுகளின் விலையே. ஆனால், என்றோ ஒருநாள் நம் வாயிலில் வந்து நிற்கும் ஒரு மாணவனுக்கு அவனுக்குரிய ஏட்டை முழுமையாக எடுத்துக் கொடுக்க முடியுமாயின், அதன் பயனுக்கு விலையில்லை. இன்று பிற்பகலே தொடங்குங்கள்.