தவறான எண்ணும் தகவல்தான்

வெப்ப உணரியோ மைக்கோ தருவது ஏறியிறங்கும் மின்னழுத்தம். அதை எண்ணாக மாற்றும் சிப் ஏ.டி.சி. அந்த எண்ணை வாங்கிக்கொள்வது எஃப்.பி.ஜி.ஏ.; உள்ளிருக்கும் சுற்றை நாமே வகுத்துக்கொள்ளக்கூடிய சிப் அது. இரண்டையும் பெரும்பாலும் நான்கே கம்பிகள் இணைக்கின்றன. ஆனாலும் திரையில் பொருந்தாத எண் வந்துவிட்டால் பலரும் உடனே நிரலைத் திருத்துகிறார்கள், அல்லது சிப்பை மாற்றுகிறார்கள். அதற்கு முன் அந்தத் தவறான எண்ணை நிதானமாகப் படிக்க வேண்டும். பழுது எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

கல்லூரி ஆய்வகங்களுக்குப் பழக்கமான டிஇ0-நானோ என்ற எஃப்.பி.ஜி.ஏ. பலகையை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள ஏடிசி128எஸ்022 என்ற 12 பிட் சிப், 3.3 வோல்ட்டை 4096 படிகளாகப் பகுக்கிறது. சரியாக 1 வோல்ட் கொடுத்தால் 1241 வர வேண்டும். ஒவ்வொரு முறையும் 16 கிளாக் துடிப்புகளில் முதலில் நான்கு பூஜ்யங்களும், பிறகு பெரிய பிட்டிலிருந்து தொடங்கி 12 பிட்டுகளும் வரும். எஃப்.பி.ஜி.ஏ. ஒரு துடிப்பு முந்திப் படித்தால் 620 கிடைக்கும். பிந்திப் படித்தால் 2482-ஐ ஒட்டிய எண். சிப்பின் காலில் மல்டிமீட்டர் 1 வோல்ட் காட்டும்போது எண் மட்டும் பாதியாகவோ இரட்டிப்பாகவோ நின்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது படிக்கும் நேரத்தை. சோதனைக்கு நடு அளவான 1.65 வோல்ட்டைத் தேர்ந்தெடுப்பதுதான் ஆபத்து. அதன் சரியான எண் 2048. அதில் ஒரே ஒரு பிட்தான் 1. ஒரு துடிப்பு பிந்தினால் அந்த ஒன்றும் வெளியே விழுந்து, கம்பி அறுந்ததுபோல் பூஜ்யம் நிற்கும்.

இரைச்சலின் முகம் வேறு. கிரவுண்ட் சரியில்லாதபோதோ மின்வழங்கல் கலங்கும்போதோ எண் பொதுவாகச் சில படிகள் மேலும் கீழும் ஆடும். அனலாக் இரைச்சலுக்குப் பிட் எதுவென்று தெரியாது. ஆகவே நிலையான மின்னழுத்தத்தில் எண் திடீரென மிகச் சரியாக 512 அல்லது 1024 தாவித் திரும்பினால், டிஜிட்டல் பக்கத்தைத்தான் ஆராய வேண்டும். எண்கள் ஒழுங்காக வந்தும் தடம் மாறியிருக்கும் பழுது இன்னும் வஞ்சகமானது. இந்தச் சிப்பின் எட்டு உள்ளீட்டுச் சேனல்களில் இப்போது கேட்பதன் மதிப்பு அடுத்த முறைதான் வரும். எட்டு சேனல்களுக்கும் ஒரே மின்னழுத்தம் கொடுத்துச் சோதித்தால் இது கண்ணில் படவே படாது.

சிமுலேஷனில் எல்லாம் சரியாக ஓடியதே என்பார்கள். சிமுலேஷனில் ஏ.டி.சி.யாக நடிக்கும் நிரலையும் பெரும்பாலும் அதே கைதான் எழுதியிருக்கும். தரவுத்தாளைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அந்தத் தவறு இரு பக்கமும் ஒத்துப்போய்விடும். கிளாக் விளிம்பை மாற்றிப் பார்த்தேன், வேலை செய்துவிட்டது, போதாதா என்பது இன்னொரு வாதம். இந்தச் சிப் இறங்கு விளிம்பில் பிட்டை மாற்றுகிறது. ஏறு விளிம்பில் படிப்பது பாதுகாப்பு. பிட் மாறும் தருணத்தை ஒட்டிப் படிக்கும் சுற்று மேசைமேல் ஓடலாம். பெட்டிக்குள் வெப்பம் ஏறி, தாமதங்கள் சில நானோவினாடி நகர்ந்தால் தடுமாறும். சிக்னல்டேப் போன்ற உள்நோக்கும் கருவி, எஃப்.பி.ஜி.ஏ. எதைப் பெற்றுக்கொண்டது என்பதை மட்டுமே காட்டும். கம்பியில் உண்மையில் என்ன வந்தது என்று பார்க்க, கிளாக்கையும் தரவையும் ஆசிலோஸ்கோப்பில் ஒருசேர வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.