லோடு லாரியா, பார்சல் லாரியா?

சாலை வழியே சரக்கு ஏற்றிச் செல்லும் தொழில் நம் நாட்டில் இரு பெருங்கிளைகளாகப் பிரிந்து வளர்ந்திருக்கிறது. ஒரு வணிகருக்குரிய சரக்கால் லாரி முழுவதையும் நிரப்பி, ஏற்றிய இடத்திலிருந்து இறக்க வேண்டிய இடத்திற்கு நேரே கொண்டு செல்வது ஒரு கிளை. இதனை ஓட்டுநர்கள் ‘லோடு’ ஓட்டுவது என்பர். பல வணிகர்களின் சிறு சிறு மூட்டைகளையும் பெட்டிகளையும் ஒரே லாரியில் ஏற்றி, கிடங்கிலிருந்து கிடங்கிற்குக் குறித்த நேரத்தில் கொண்டு சேர்ப்பது மற்றொரு கிளை. அது பார்சல் தொழில். கனரக வாகன உரிமம் பெற்ற இளைஞர் ஒருவர் இவ்விரண்டில் எதனை மேற்கொள்ளலாம் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் இது ஏட்டளவில் எழும் கேள்வி அன்று. நாமக்கல் லாரிக்குக் கூண்டு கட்டும் தொழிலுக்கும், கோழி முட்டைக்கும், எரிவாயு டாங்கர் லாரிகளுக்கும் பெயர் பெற்ற ஊர். திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு லாரிச் சக்கரத்தை நம்பியே எரிகிறது. அவ்வட்டாரத்து ஓட்டுநர்களோடு நெடுநாள் பழகியவன் நான். தொழிலுக்குப் புதிதாக வருவோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றே: “எதுலீங்க சம்பளம் அதிகம்?” கேள்வி நியாயமானது, ஆனால் முழுமையானது அன்று. வண்டி ஓடும் நேரத்திற்கு இரு சாராரும் கூலி கொடுக்கிறார்கள். வண்டி நிற்கும் நேரத்திற்குக் கூலி கொடுப்பவர் யார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இதனைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

முதலில் லோடு லாரியை எடுத்துக்கொள்வோம். நாமக்கல்லிலிருந்து டில்லிக்கு ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். முன்பு 7 என்ற எண்ணோடு கன்னியாகுமரியிலிருந்து வாரணாசிக்குச் சென்ற தேசிய நெடுஞ்சாலையின் தென்பகுதி, 2010 ஆம் ஆண்டின் எண் மாற்றத்திற்குப் பிறகு, கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் 44 ஆம் எண் சாலையின் பகுதியாயிற்று. இச்சாலையில் சரக்கேற்றிச் செல்லும் ஓட்டுநருக்குப் பெரும்பாலும் டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுகிறது. அதனுடன் அன்றாடச் செலவுக்குப் படி கிடைப்பதும் உண்டு. டில்லியில் சரக்கை இறக்கியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. திரும்பி வருவதற்கு ஒரு லோடு கிடைக்க வேண்டும். அதற்காகப் புக்கிங் ஆபீஸ் வாசலில் ஒரு நாளும் காத்திருக்கலாம். ஆறு நாளும் காத்திருக்கலாம். இறக்குமிடத்தில் ஆள் இல்லாமல் நிற்கும் நாட்கள் வேறு.

இதற்கொரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளக்கத்திற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை. டிரிப்புக்கு 18,000 ரூபாய் கூலி, சாப்பாடு ஓட்டுநர் பொறுப்பு, அதற்கு நாளொன்றுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு நாளில் ஊர் திரும்பினால், சாப்பாட்டுச் செலவு போக நாளொன்றுக்கு 1,200 ரூபாய் நிற்கும். பதினெட்டு நாளாகிவிட்டாலோ, அது 700 ரூபாயாகச் சுருங்கிவிடும். உழைப்பு குறையவில்லை; ஊதியம் குறைந்துவிட்டது. இனி, மாதம் 27,000 ரூபாய் தரும் பார்சல் நிறுவனம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதன் ஓட்டுநர் பாதி நாள் வீட்டில் உண்பவர். வெளியில் உண்ணும் செலவாக 4,500 ரூபாயைக் கழித்தால், நாளொன்றுக்கு 750 ரூபாய் நிற்கும். நல்ல டிரிப்போடு ஒப்பிட்டால் இது குறைவு. தாமதமான டிரிப்போடு ஒப்பிட்டால் இது அதிகம். அன்றியும், மாதச் சம்பளத்தில் வார ஓய்வு நாளும் அடங்கும். டிரிப்புக் கூலியிலோ, இரண்டு டிரிப்புகளுக்கிடையே வீட்டில் இருக்கும் நாட்களுக்கு வருவாய் இல்லை. ஆகவே டிரிப்புக்கு எவ்வளவு என்று கேட்பதை விட்டு, நாளுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்பதே அறிவுடைமை.

அப்படியானால் பார்சல் தொழிலில் காத்திருப்பே இல்லையா? உண்டு. ஆனால் அது கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் ஒளிந்திருக்கிறது. திருப்பூர்ப் பின்னலாடைகளும், ஈரோட்டுத் துணிகளும், கரூர்ப் படுக்கை விரிப்புகளும் பகல் முழுவதும் பதிவாகி, மாலையில் சிறு வண்டிகளில் பெரிய கிடங்கிற்கு வந்து சேர்கின்றன. அங்கே ஊர்வாரியாகப் பிரிக்கப்பட்டு, இரவு லாரி புறப்படுகிறது. விடியும்போது சென்னையில் இருக்க வேண்டும். கோவையிலிருந்து சென்னை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். சரக்கு லாரிகளில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தவேண்டும் என்பது விதி. 2015 அக்டோபர் முதல் புதிய வண்டிகள் அக்கருவியுடனேயே வருகின்றன. சுங்கச் சாவடி, ஊர் நெரிசல், தேநீர் நிறுத்தம் எல்லாம் சேர்த்துச் சராசரி 55 கிலோமீட்டர் என்று கொண்டாலும் ஒன்பது மணி நேரம் ஆகும். கிடங்கில் சரக்கு ஏற்றுவது ஒரு மணி தாமதமானால், அந்த ஒரு மணியை எங்கிருந்து ஈடு செய்வது? எஞ்சினிலிருந்து எடுக்க முடியாது. ஓட்டுநரின் ஓய்விலிருந்துதான் எடுக்கிறார்கள்.

சென்னையில் இறங்கியபின் பகலில் உறங்கி, அன்றிரவே திரும்ப வேண்டும். அப்பகலில் சரக்கு இறக்குவதை மேற்பார்க்கவும், மூட்டைகளை எண்ணிக் கொடுக்கவும் ஓட்டுநரையே நிறுத்திவைக்கும் கிடங்குகள் உண்டு. உறங்க வேண்டிய நேரம் இவ்வாறு ஊதியமின்றிக் கரைந்துபோகிறது. இரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை மனித உடல் உறக்கத்தை மிகவும் வேண்டி நிற்கும் நேரம். எத்தனை ஆண்டு இரவில் ஓட்டினாலும் உடல் இவ்வியல்பை முற்றிலும் விட்டுவிடுவதில்லை. பகல் உறக்கம் கெட்டவன் மறுநாள் அந்த மூன்று மணி நேரத்தைக் கடப்பது உயிரைப் பணயம் வைத்துத்தான். லோடு ஓட்டுநருக்கு இந்த நேரத்தில் சாலையோரம் வண்டியை ஒதுக்கி நிறுத்தும் சுதந்திரம் பெரும்பாலும் உண்டு. பார்சல் ஓட்டுநருக்கு அச்சுதந்திரம் அரிது. அவருக்குப் பதிலாகக் கிடைப்பது ஒருநாள் விட்டு ஒருநாள் பிள்ளைகளின் முகத்தைக் காணும் பேறு.

வேலை நேரத்திற்குச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறதா என்று கேட்பீர்கள். 1961 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணி என்று வரையறுத்தது. நெடுந்தொலைவுப் பயணங்களில் அனுமதி பெற்று நீட்டினாலும் நாளுக்குப் பத்து மணியைத் தாண்டலாகாது என்றது. அச்சட்டம் பின்னர் 2020 ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பினுள் அடக்கப்பட்டது. எட்டு மணி என்னும் அடிப்படை அதிலும் தொடர்கிறது. வருங்கால வைப்பு நிதி பொதுவாக இருபது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களுக்குக் கட்டாயம்; தொழிலாளர் அரசு காப்பீடு பத்துப் பேர் உள்ள இடத்திற்கே வரும். இரண்டு லாரி வைத்திருக்கும் உரிமையாளரிடம் வேலை செய்பவருக்கு இவ்விரண்டும் எட்டாமல் போவது இதனால்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெரிய பார்சல் நிறுவனத்தின் பெயர் லாரியில் எழுதியிருப்பதனால் மட்டும் ஓட்டுநர் அந்நிறுவனத்தின் ஊழியர் ஆகிவிடமாட்டார். பல லாரிகள் வாடகைக்கு அமர்த்தப்பட்டவை. சம்பளம் கொடுப்பவர் அந்த லாரியின் சொந்தக்காரராக இருப்பார். பெயர்ப் பலகையைப் பார்த்து வேலையில் சேராமல், நியமனக் கடிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துச் சேர வேண்டும்.

சரக்கின் பொறுப்பும் இரு கிளைகளில் இருவிதம். லோடு லாரியில் சரக்கு ஒன்று, உரியவர் ஒருவர். தார்ப்பாயும் கயிறும் சரியாகக் கட்டப்பட்டிருந்தால் கவலை பாதி தீர்ந்தது. மாநிலங்களுக்கிடையே 2018 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த மின்வழிச் சீட்டின் காலக்கெடுவையும் கவனிக்க வேண்டும். 2021 சனவரி முதல் சாதாரணச் சரக்கிற்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. பார்சல் லாரியிலோ நூற்றுக்கணக்கான உருப்படிகள். ஒரு பெட்டி குறைந்தாலும் கேள்வி ஓட்டுநரிடம் வரும். 2007 ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், சரக்கனுப்பியவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பை நிறுவனத்தின்மீதே வைக்கிறது. நிறுவனம் அதனை ஓட்டுநரின் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், இழப்பு அவருடைய கவனக்குறைவால் நேர்ந்ததாக இருக்கவேண்டும். அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் அளிக்கவேண்டும். 1936 ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் இருந்த இவ்விதி 2019 ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. புறப்படும்போது கதவின் முத்திரை எண்ணைக் குறித்துக்கொண்டு, சேருமிடத்தில் முத்திரை கலையாமல் இருந்ததற்குக் கையெழுத்து வாங்கும் ஓட்டுநருக்கு இதில் அச்சம் தேவையில்லை.

முன்னேற்றத்தைப் பொறுத்தவரை லோடு ஓட்டுபவருக்கே ஒரு வாய்ப்பு மிகுதி. எந்த ஊரில் எந்தப் பருவத்தில் எந்தச் சரக்குக் கிடைக்கும், யார் வாடகைப் பாக்கியை ஒழுங்காகத் தருவார் என்பதெல்லாம் அவருக்குப் பாடமாகிவிடும். சொந்த லாரி வாங்க எண்ணுபவருக்கு அந்த அறிவே முதல். இன்று பெரும் பார்சல் நிறுவனமாக விளங்கும் வி.ஆர்.எல். கூட 1976 இல் கர்நாடகத்தில் ஒரே லாரியோடு தொடங்கியதுதான். ஆனால் கடன் வாங்கி லாரி எடுத்தவர் எல்லாரும் அவ்வாறு உயர்ந்துவிடவில்லை என்பதையும் நாம் அறிவோம். காத்திருக்கும் நாட்களுக்கு வாடகை வராது. வங்கித் தவணை மட்டும் தவறாமல் வரும்.

ஆகவே நான் கூறும் யோசனை இது. மணமாகாத இளைஞர், அனுபவமுள்ள மூத்த ஓட்டுநர் ஒருவருடன் சில ஆண்டுகள் லோடு லாரியில் நாட்டைச் சுற்றித் தொழில் கற்கட்டும். குடும்பப் பொறுப்பு வந்தபின், முறையான பார்சல் நிறுவனத்தை நாடட்டும். எதில் சேர்ந்தாலும், சேருமுன் நான்கு கேள்விகளைக் கேட்கட்டும். லாரி நிற்கும் நாளுக்குப் படி உண்டா? பகலில் உறங்கத் தனி இடம் உண்டா? வைப்பு நிதி யார் பெயரில் கட்டப்படுகிறது? சரக்குக் குறைந்தால் விசாரணை உண்டா? இவற்றிற்குத் தயங்காமல் விடை சொல்லும் முதலாளி லோடு லாரி வைத்திருந்தாலும் நல்லவர். பார்சல் நடத்தினாலும் நல்லவர். விடை சொல்லத் தயங்குபவர் ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தருவதாகச் சொன்னாலும், அந்த ஆயிரத்தை ஓட்டுநரின் உறக்கத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொள்வார் என்பதை நம் இளைஞர்கள் மறவாதிருப்பார்களாக.