குதிரையும் பொதிமாடும் சுமக்கத்தக்க பாரம்

பதுளையிலிருந்தும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்தும் வெளியூர்களுக்குச் சென்ற பொருள்கள் ஒரு காலத்தில் விலங்குகளின் முதுகிலேயே ஏறிச் சென்றன. அம்பாந்தோட்டையிலிருந்து உப்பும் கருவாடும் 'தவளம்' எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களில் மலையேறி ஊவாவுக்கு வந்தன. கோப்பித் தோட்டங்கள் தோன்றிய பின்னரும், வண்டிப்பாதை எட்டாத இடங்களில் அம்மாடுகளே மூட்டைகளைச் சுமந்தன. தோட்டத்துரைமார் மலைமுகடுகளிலுள்ள கொழுந்து மலைகளைச் சுற்றிப் பார்க்கக் குதிரையிற் சென்றனர். அக்குதிரைகளைப் பேணும் பொறுப்பு குதிரைக்காரர் எனப்பட்ட தொழிலாளரிடம் இருந்தது. புகையிரதம் 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் வந்தடைந்தது. அதன் பின்னர் முதுகுச் சுமை படிப்படியாகக் குறைந்தது.

இன்று வெலிமடை, கெப்பெட்டிபொல ஆகிய இடங்களின் மரக்கறி மூட்டைகள் லொறிகளிற் செல்கின்றன. ஆயினும் முதுகில் ஏற்றும் பாரம் பற்றிய கேள்வி மறைந்துவிடவில்லை. நுவரெலியாவில் கிரகரி வாவியின் அருகே உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரைகளைக் காண்கின்ற ஊவாக் கமக்காரர் சிலர், தாமும் ஒரு மட்டக்குதிரையை வாங்கி, ஓய்வு நாட்களில் வருவாய் தேடலாம் என எண்ணுவதுண்டு. வேறு சிலர், உழவு இயந்திரம் செல்லமுடியாத படிக்கட்டு வயல்களுக்கு எருமூட்டையை மாட்டின் முதுகில் ஏற்ற விரும்புவர். இவ்விரு சாராரும் முதலில் அறியவேண்டியது, எவ்வளவு பாரத்தை அவ்விலங்கு வருத்தமின்றிச் சுமக்கும் என்பதாகும். சுமக்கமுடிந்த அளவு வேறு, வருத்தமின்றிச் சுமக்கும் அளவு வேறு. விலங்கு முழங்கால் மடிந்து விழுமளவும் சுமக்கும். அதற்கு வெகு முன்னரே அதன் முதுகு கெடத் தொடங்கிவிடும்.

முதுகின் அமைப்பு

ஓடையின் குறுக்கே இரு கரைகளையும் தொட்டுக் கிடக்கும் மரப்பாலத்தைக் கமக்காரர் நன்கறிவர். பாரம் நடுவில் ஏறும்பொழுது பாலம் கீழ்நோக்கி வளையும். குதிரையின் முதுகெலும்பும் அவ்வாறே முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடையே கிடக்கின்றது. குடலும் இரைப்பையும் அதன் கீழே தொங்குகின்றன. மேலே ஒருவர் அமரும்பொழுது முதுகு தாழ முயல்கிறது. வயிற்றுத் தசைகள் வில்லின் நாணைப்போல் இறுகி அதனைத் தாங்குகின்றன. அத்தசைகள் களைத்தபின் பாரம் முழுவதும் எலும்பின் மேலும் அதனைப் பிணைக்கும் நார்களின் மேலும் விழுகின்றது.

குதிரைக்குப் பொதுவாக 18 சோடி விலா எலும்புகள் உண்டு. பிடரியின் முடிவிலுள்ள தோள்மேட்டுக்குப் பின்னாலிருந்து கடைசி விலா எலும்பு வரையுள்ள இடமே பாரம் தாங்கத் தக்கது. அதற்குப் பின்னுள்ள இடுப்புப் பகுதிக்கு விலாவின் துணை இல்லை. சேணம் நீண்டு இடுப்பில் ஏறினாலும், இருவர் ஒன்றாக ஏறிப் பின்னவர் இடுப்பில் அமர்ந்தாலும், குறைந்த பாரமும் கூடிய கேட்டை விளைவிக்கும். சிறுவர் இருவரை ஒரே குதிரையில் ஏற்றும் வழக்கம் இக்காரணத்தால் நன்றன்று, அவர்களின் மொத்த நிறை ஒரு பெரியவரின் நிறையிலும் குறைவாயிருப்பினும்.

ஐந்தில் ஒரு பங்கு

குதிரைப் படைகள் இருந்த காலத்திலிருந்தே, குதிரையின் நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் ஏற்றுவது தக்கது என்னும் கணக்கு வழங்கிவருகின்றது. இது வெறும் வழக்கமா, உண்மையா என்பதை 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆய்வாளர்கள் சோதித்து வெளியிட்டனர். எட்டுக் குதிரைகள் தம் நிறையில் நூற்றுக்கு 15, 20, 25, 30 என்னும் அளவுகளிற் பாரம் சுமந்து ஓடின. 15, 20 ஆகிய அளவுகளில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. 25இலும் 30இலும் இதயத் துடிப்பு உயர்ந்தது. தசைகளில் நோவும் இறுக்கமும் கண்டன. இடுப்பு அகன்றும் முன்கால் எலும்பு பருத்தும் இருந்த குதிரைகளில் நோவு குறைவாயிருந்தமை கவனிக்கத்தக்கது. குதிரை வாங்குவோர் பெரும்பாலும் உயரத்தையும் நிறத்தையும் நோக்குவர். கையை விரித்து இடுப்பின் அகலத்தை அளந்து பார்ப்போர் மிகச் சிலரே.

இங்கிலாந்தில் பின்னர் நடந்த ஒரு சோதனையில், வெவ்வேறு நிறையுடைய நால்வர் ஆறு குதிரைகளில் மாறிமாறி ஏறினர். நிறை மிக்க இருவரும் ஏறிய சவாரிகள், குதிரைகள் நொண்டத் தொடங்கியமையாலோ, வலியின் குறிகள் காட்டியமையாலோ, இடையிலேயே நிறுத்தப்பட்டன. சேணம் பொருந்தாமையும் இதற்கு ஒரு காரணமாகக் கருதப்பட்டது. ஜப்பானிய நாட்டுக் குதிரைகளில் இதனிலும் கூடிய விகிதங்கள் கூறப்பட்டுள்ளன. ஆனால் அங்கு அளக்கப்பட்டது நடையின் ஒழுங்கே. நடை ஒழுங்காயிருப்பினும் முதுகு நோவலாம். ஆகவே மலைநாட்டுக் கமக்காரர் ஐந்தில் ஒரு பங்கையே மேலெல்லையாகக் கொள்ளுதல் நன்று.

இவ்வெல்லை ஏறுபவரின் நிறைக்கு மட்டும் உரியதன்று. சேணம், கம்பளம், கடிவாளம், உணவுப் பை, மழையங்கி யாவும் சேர்த்தே நிறுக்கவேண்டும். சேணம் மாத்திரமே 7 முதல் 10 கிலோகிராம் வரை இருக்கும். நனைந்த கம்பளமும் நனைந்த சாக்கும் உலர்ந்தவற்றிலும் நிறை கூடியவை என்பதை மழைக்காலத்தில் மறத்தலாகாது.

தராசின்றி நிறை காணல்

குதிரையைத் தராசில் நிறுத்தல் அரிது. தையற்காரர் பயன்படுத்தும் அளவு நாடா ஒன்று போதும். முன்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி அளக்கவேண்டும். குதிரை மூச்சை வெளிவிட்ட நிலையில் அளவைக் குறித்தல் வேண்டும். பின்னர் தோளின் முன்முனையிலிருந்து புட்டத்தின் பின்முனை வரை நீளத்தை அளக்கவேண்டும். மார்புச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, வந்ததை நீளத்தாற் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் நிறை கிலோகிராமில் வரும். அளவுகள் சென்ரிமீற்றரில் இருத்தல் வேண்டும்.

ஒரு மட்டக்குதிரையின் மார்புச் சுற்றளவு 150, நீளம் 130 எனக் கொள்க. 150ஐ 150ஆல் பெருக்க 22,500. அதனை 130ஆல் பெருக்க 29,25,000. 11,880ஆல் வகுக்க ஏறக்குறைய 246 கிலோகிராம். இதில் ஐந்தில் ஒரு பங்கு 49 கிலோகிராம். சேணமும் கம்பளமும் 9 எனின், ஏறுபவருக்கு எஞ்சுவது 40 கிலோகிராமே. 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் ஏறின் மொத்தப் பாரம் 69. அது குதிரையின் நிறையில் நூற்றுக்கு 28. ஆய்வில் தசை நோவு கண்ட அளவு இது. ஆகவே இத்தகைய மட்டக்குதிரையை வாங்குவோர், பெரியவர்களை ஏற்றி வருவாய் பெறலாம் எனக் கணக்கிடல் பிழையாகும். பன்னிரண்டு வயதுச் சிறுவர் பலருக்கு அது பொருந்தும். 60 கிலோகிராம் நிறையுள்ளவருக்குச் சேணத்துடன் 345 கிலோகிராமுக்குக் குறையாத குதிரை வேண்டும். அது நம் கண்ணில் பெரிய குதிரையாகவே தோன்றும்.

மாட்டுக்கும் இம்முறை பயன்படும். வகுக்கும் எண் மாத்திரம் 10,840 ஆகும். மார்புச் சுற்றளவு 140, நீளம் 115 உள்ள நாட்டு மாடு ஏறக்குறைய 208 கிலோகிராம் நிறையுடையது. பொழுதுபோக்குச் சவாரிக்கும் பொதி சுமத்தலுக்கும் வேறுபாடு உண்டு. பொதி அசையாது, மாடு மெல்ல நடக்கும், ஆதலால் மாட்டுக்கு ஐந்தில் ஒன்றிலும் சற்றுக் கூடுதலாக ஏற்றுவர். எனினும் பொதி இரு பக்கமும் சமநிறையாயிருத்தல் அவசியம். ஒரு பக்கம் 30, மறுபக்கம் 20 எனத் தொங்கும் பொதி, சமமாகத் தொங்கும் 60 கிலோகிராமிலும் கேடானது. மாடு பாரத்தோடு அன்றி, சாய்வோடும் போராடவேண்டியிருக்கும்.

சட்டத்தில் உள்ள அளவு

இந்திய அரசு 1965இல் ஆக்கிய விதிகள் சுமை விலங்குகளுக்கு மேலெல்லையை வகுத்துள்ளன. கழுதைக்கு 50, மட்டக்குதிரைக்கு 70, கோவேறு கழுதைக்கு 200, சிறிய மாட்டுக்கு 100 கிலோகிராம் என அவை கூறும். நாளொன்றில் ஒன்பது மணித்தியாலத்துக்கு மேலும், இடையில் ஓய்வின்றி ஐந்து மணித்தியாலத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது எனவும் அவற்றில் உண்டு. மேலே கணக்கிட்ட 246 கிலோகிராம் மட்டக்குதிரைக்கு 49 என்றிருக்க, விதி 70 வரை இடமளிக்கின்றது. இவ்வேறுபாட்டைக் கண்டு மயங்கவேண்டியதில்லை. விதி குறிப்பது தண்டனை தொடங்கும் இடத்தை. இலங்கையிலும் விலங்குகளைத் துன்புறுத்துவது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினாற் குற்றமாக்கப்பட்டது. ஆனால் வழக்கு வருமளவும் காத்திருக்கும் கமக்காரரின் விலங்கு, அதற்குள் விலைபோகாததாகிவிடும்.

ஏற்றமும் வேகமும்

சமதரைக்குச் சொல்லப்பட்ட கணக்கை மலைக்கு அப்படியே கொள்ளலாகாது. பதுளையிலிருந்து அப்புத்தளைக்குச் செல்பவர் ஏறக்குறைய 750 மீற்றர் உயரம் ஏறுகின்றார். குதிரை அவ்வுயரத்துக்குத் தன் உடலையும் பாரத்தையும் சேர்த்தே தூக்கவேண்டும். இறக்கத்திலோ வேறொரு கேடு உண்டு. நிற்கும் குதிரையின் நிறையில் பாதிக்கு மேற்பட்ட பங்கை முன்கால்களே தாங்குகின்றன. இறங்கும்பொழுது அப்பங்கு இன்னும் கூடும். கற்கள் உருளும் தோட்டப் பாதையில் இறங்கும்பொழுது ஏறியிருப்பவர் இறங்கி, குதிரையைக் கையிற் பிடித்து நடத்திச் செல்வதே நல்லது. செங்குத்தான பாதைகளில் ஐந்தில் ஒன்றை விட்டு, ஆறில் அல்லது ஏழில் ஒன்றைக் கொள்ளல் வேண்டும். இளைத்த குதிரைக்கும், முதிர்ந்த குதிரைக்கும் அதுவே அளவு. முதுகெலும்பின் வளர்ச்சி முற்றுப்பெற ஐந்து வயதுக்கு மேலாகும். ஆதலால் அதற்கு முன் முழுப் பாரம் ஏற்றலாகாது.

நடக்கும் குதிரையின் முதுகில், ஏறியவரின் நிறையிலும் சற்றுக் கூடிய அழுத்தமே விழும். துள்ளு நடையில் அது இரு மடங்கைக் கடக்கும். பாய்ந்தோடும்பொழுது ஏறக்குறைய மும்மடங்காகும். ஆகவே 50 கிலோகிராம் நிறையுள்ளவர் பாய்ந்தோடும் குதிரையில் ஒவ்வோர் அடியிலும் 150 கிலோகிராமுக்கு அண்மையான அழுத்தத்தைக் கொடுக்கின்றார். பாரத்தின் அளவிற் கவனமாயிருப்போரும் வேகத்தை மறந்துவிடுவது வழமை.

1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், 1855இல் வெளியான தம் நூலில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தந்துள்ளார். அவருடைய குதிரைப் பாகர் இறம்பொடைக் கணவாயின் ஏற்றத்தில் ஒரு யானையை ஓய்வின்றி விரைவாகச் செலுத்தினார். யானை இறந்துபோயிற்று. ஒரு மனிதரின் நிறை யானைக்கு ஒரு பொருட்டன்று. அதனைக் கொன்றது ஏற்றத்தோடு சேர்ந்த வேகமே.

வருத்தத்தின் குறிகள்

சேணத்தைக் கழற்றியவுடன் முதுகை நோக்கவேண்டும். வியர்வையில் நனைந்த முதுகில் உலர்ந்த திட்டு ஒன்று இருப்பின், அவ்விடத்தில் அழுத்தம் மிகுந்து இரத்தம் ஓடவில்லை என்பது பொருள். அது பல நாள் தொடரின் மயிர் உதிர்ந்து, பின்னர் வெண்மயிராக முளைக்கும். குதிரை வாங்கும்பொழுது முதுகில் வெண்திட்டுகள் காணின், முன்னைய உடைமையாளர் எவ்வாறு வேலை வாங்கினார் என்பதற்கு அதுவே சான்று. விற்பவர் அதனைப் பிறவி மறு என்று கூறலாம்; முதுகெலும்பின் இரு பக்கமும் ஒரே இடத்தில் அமையும் பிறவி மறு அரிதென்பதை நினைவிற்கொள்க.

மறுநாட் காலை, முதுகெலும்பின் இரு மருங்கும் விரல் நுனிகளால் மெல்ல அழுத்திப் பார்த்தல் வேண்டும். நலமுள்ள குதிரை அசையாது நிற்கும். நோவுள்ளது முதுகைத் தாழ்த்தும், காதைப் பின்னே சாய்க்கும், வாலை வீசும், அல்லது கடிக்கத் திரும்பும். சேணத்தைக் கண்டவுடனே விலகும் குதிரையைப் பிடிவாதமுடையது என அடிப்பவர்கள் உளர்; பெரும்பாலும் அது முதல்நாள் நோவை நினைத்தே விலகுகின்றது. தாடையின் கீழுள்ள நாடியையும் பார்க்கலாம். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். வேலை முடிந்து அரை மணித்தியாலம் சென்றும் 60க்குக் கீழே வராவிடின், பாரமோ தூரமோ மிகையாயிற்று எனக் கொள்க.

புண் உண்டானால் அதன்மேல் கம்பளத்தை மடித்து வைத்துத் தொடர்ந்து வேலை வாங்குதல் புண்ணை ஆழமாக்கும். முற்றாக ஆறுமளவும் சேணமோ பொதியோ ஏற்றாது மேயவிட்டு, கால்நடை வைத்தியரிடம் காட்டவேண்டும். ஆறிய பின்னர் முதல் வாரத்தில் வெறுஞ் சேணத்தோடு நடத்திச் சென்று, ஒவ்வொரு நாளும் மேற்கூறியவாறு விரலால் அழுத்திப் பார்த்து, அசைவு இல்லையெனின் மாத்திரமே பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டல் வேண்டும். முன்னிருந்த பாரத்துக்கு வந்துசேர மூன்று நான்கு வாரங்கள் செல்லலாம். அந்நாட்களில் எருமூட்டையை இரண்டாகப் பிரித்து, இரு நடையாகக் கொண்டு செல்க.