எல்லா அப்பாக்களுக்கும் ஒரே வேட்டியா?

ஜூன் மூன்றாவது ஞாயிறு நெருங்கும்போதும், தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் ஜவுளிக்கடைகளில் இந்தக் குரலைக் கேட்கலாம்: "இதே டிசைன்ல நாற்பது ஒண்ணு, நாற்பத்திரண்டு ரெண்டு, நாற்பத்திநாலு ஒண்ணு குடுங்க." அப்பா, மாமனார், தாய்மாமன், சித்தப்பா எல்லோருக்கும் ஒரே சட்டை, ஒரே வேட்டி. யாருக்கும் மனக்குறை இல்லை. யாருக்கும் பெரிய சந்தோஷமும் இல்லை. அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமலே பீரோவுக்குள் போய்விடும்.

தந்தையர் தினம் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் 1910 ஜூன் 19 அன்று முதலில் கொண்டாடப்பட்டது. மனைவியை இழந்தபின் ஆறு பிள்ளைகளைத் தனி ஆளாக வளர்த்த தன் தந்தைக்காக சொனோரா ஸ்மார்ட் டாட் என்ற பெண் எடுத்த முயற்சி அது. 1972இல் அதிபர் நிக்சன் அதைச் சட்டபூர்வமாக்கினார். ஒரு பிள்ளைக்கு ஒரு அப்பா என்ற கணக்கில் பிறந்த நாள் அது. நம் வீடுகளில் அந்தக் கணக்கு உதைக்கும். ஃபீஸ் கட்டியவர் ஒருவர், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர், காதுகுத்துக்கு மடி கொடுத்தவர் இன்னொருவர்.

இவர்களுக்கு வாங்குவது ஏன் இவ்வளவு குழப்பமாக இருக்கிறது? நம் வழக்கத்தில் சீரும் செய்முறையும் பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளுக்குத்தான் இறங்கிவரும். திருப்பிச் செய்யச் சடங்குகள் குறைவு. கொடுத்தே பழகியவர்களுக்கு வாங்கிக்கொள்ளத் தெரியாது. "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டால், "எனக்கு எதுக்குப்பா, நீ நல்லா இருந்தா போதும்" என்பதே பதில். ஆகவே கேட்காதீர்கள், கவனியுங்கள். அவர் எதை வைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறார்? நூல் கட்டிய கண்ணாடிக் காம்பா, வார் அறுந்து ஊக்குக் குத்திய செருப்பா, பேசினால் பாதி கேட்கும் போனா? பரிசு அங்கேதான் இருக்கிறது.

அப்பா: தேய்ந்ததை மாற்றுங்கள்

அப்பாவிடம் நமக்கு உரிமை அதிகம் என்பதால் உடம்பு சம்பந்தப்பட்ட பொருளைத் தயங்காமல் வாங்கலாம். சர்க்கரை உள்ளவர் என்றால் முதலில் அவருடைய செருப்பைத் திருப்பிப் பாருங்கள். குதிகால் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும், வார் விரலை அழுத்திக்கொண்டிருக்கும். காலில் உணர்ச்சி குறைந்தவருக்குப் புண் வந்ததே தெரியாது. எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் மருந்துக்கடைகளிலும் கால் பராமரிப்பு மையங்களிலும் கிடைக்கும். பாதத்தின் அழுத்தத்தைப் பரப்பிவிடும் மெத்தென்ற ரப்பர் அடிப்பாகமும், பின்பக்க வாரும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாயங்காலம் அவரையே அழைத்துப்போய்ப் போட்டுப் பார்க்க வேண்டும். பகலெல்லாம் நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த அளவு அப்போது பிடிக்கும்.

பி.பி. பார்க்கும் கருவி வாங்குவதானால் மணிக்கட்டில் கட்டுவதைவிட மேல்கையில் சுற்றும் வகையே நம்பகமானது. பட்டை அவர் கைச் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை முதல் நாளே செய்துகாட்டிவிடுங்கள். பேட்டரி போட்டு, இரண்டு முறை பார்த்து, எண்ணைக் குறிக்க ஒரு நோட்டும் பக்கத்தில் வைத்தால்தான் பரிசு முழுமையாகும்.

மாமனார்: மரியாதை முதலில்

அதே பி.பி. கருவியை மாமனாருக்குக் கொடுத்தால் கதை வேறு. "என்னை நோயாளியாக்கிட்டாரு மாப்பிள்ளை" என்று அவர் சொல்லாவிட்டாலும் மாமியார் சொல்வார். இங்கே வேட்டி நல்ல தேர்வுதான். ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். வீட்டில் அவர் கட்டுவது நாலு முழமா, எட்டு முழமா? கடைசியாக எந்தக் கல்யாணத்துக்கு எந்தக் கரை கட்டினார்? நம் ஊரில் கரைக்கு அரசியல் உண்டு. கறுப்பு சிவப்புக் கரையை எடுத்துக்கொண்டு அ.தி.மு.க. அனுதாபி வீட்டுப்படி ஏறிய மாப்பிள்ளையின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்! கோ-ஆப்டெக்ஸில் மெல்லிய கரை போட்ட கைத்தறிப் பருத்தி வேட்டி எடுத்தால் கட்சிச் சிக்கலும் இல்லை, வெயிலுக்கும் இதம்.

கொடுக்கும் விதமும் இங்கே முக்கியம். மனைவி கையில் கொடுத்தனுப்பாமல், வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்து நீங்களே கொடுங்கள். மருமகளாக இருந்தால் இவ்வளவு சம்பிரதாயம் வேண்டாம். மாமனார் தினமும் எதில் கை வைக்கிறார் என்பது வீட்டிலேயே இருக்கும் உங்களுக்குத்தான் தெரியும்: மொட்டைமாடிச் செடிகளுக்கு நல்ல கத்தரி, அவர் விரும்பிப் படிக்கும் வாரப் பத்திரிகைக்கு ஓராண்டுச் சந்தா.

தாய்மாமன்: சபையில் செய்யுங்கள்

மொட்டையடித்துக் காது குத்த மடியில் உட்காரவைத்தது, பெண் பெரியவளானபோது சீர்த்தட்டு சுமந்து வந்தது, கல்யாணத்தில் மாலை எடுத்தது எல்லாம் அவர். இதற்கெல்லாம் சீட்டு எடுத்தோ, நகையை அடகு வைத்தோ செய்த மாமன்கள் எத்தனையோ பேர். அவர் செய்தது நாலு பேர் பார்க்க. நாம் செய்வதும் நாலு பேர் பார்க்கவே இருக்கட்டும். அவர் வீட்டு விசேஷத்துக்கு மொய்க் கவரோடு நின்றுவிடாமல், பந்தலோ, மேளமோ, ஒரு வேளைச் சாப்பாடோ ஏதாவது ஒரு செலவை முழுதாக ஏற்றுக்கொள்ளலாம். முன்கூட்டியே அத்தையிடம் மட்டும் பேசிவிட்டால் மாமனுக்குக் கூச்சமும் இருக்காது.

பெரியப்பா, சித்தப்பா: விழா எடுங்கள்

60இல் சஷ்டியப்தபூர்த்தி, 70இல் பீமரத சாந்தி, 80இல் சதாபிஷேகம் என்று பெரியவர்களையே கொண்டாடும் வழக்கம் ஒன்று நம்மிடம் உண்டு. மயிலாடுதுறை மாவட்டத்துத் திருக்கடையூருக்கு மணக்கோலத்தில் வரும் முதிய தம்பதிகளைப் பார்த்திருப்பீர்கள். மார்க்கண்டேயனுக்காக இறைவன் எமனை உதைத்த தலம் என்பதால் ஆயுள் வேண்டி அங்கே கூடுகிறார்கள். ஆனால் இதை எடுத்துச் செய்யப் பிள்ளைகள் வேண்டும். குழந்தை இல்லாத சித்தப்பாவோ, பிள்ளைகள் வெளிநாட்டில் தங்கிவிட்ட பெரியப்பாவோ தானாக வாய் திறந்து கேட்க மாட்டார். அண்ணன் பிள்ளைகள், தம்பி பிள்ளைகள் நாலு பேர் பணம் போட்டு இதை நடத்தினால், எந்தக் கடையிலும் கிடைக்காத பரிசு அது. பெரிய விழா விருப்பமில்லாதவர்களுக்கு உள்ளூர்க் கோயிலில் ஒரு அர்ச்சனை, வீட்டில் எல்லோரும் கூடி ஒரு சாப்பாடு போதும்.

அண்ணன்: விட்டதைப் பிடித்துக்கொடுங்கள்

அப்பா இல்லாத வீட்டில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போன அண்ணனும் அப்பாதான். தங்கைகளை அனுப்பிவைக்க ஏர்போர்ட் வாசல்வரை போனவரிடம் பாஸ்போர்ட் இருக்காது. 36 பக்கச் சாதாரண பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய்தான். ஆன்லைனில் விண்ணப்பித்து, நேரம் வாங்கி, சான்றிதழ்களோடு கூடவே போய்வாருங்கள். டிக்கெட்டை அடுத்த வருடப் பரிசாக வைத்துக்கொள்ளலாம்.

தாத்தா: உங்கள் நேரம்

கைத்தடி வாங்கினால் உயரம் பாருங்கள். செருப்புப் போட்டு நிமிர்ந்து கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது பிடி அவர் மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தால் வழுக்கும். உதிரியாக இரண்டு வாங்கி வையுங்கள். மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குபவரா? ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்றிதழ் தர வேண்டும். 80 கடந்தவர்கள் அக்டோபரிலேயே தரலாம். ஜீவன் பிரமாண் வசதியில் முகத்தைக் காட்டி போனிலேயே முடித்துவிடலாம். வங்கி வரிசையில் அவரை நிற்கவிடாமல் வருடா வருடம் அதை வீட்டிலேயே செய்துகொடுக்கும் பேரனும் பேத்தியும் பெரிய பரிசுதான்.

பட்ஜெட்

எல்லோருக்கும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. அவரவர் பிறந்தநாள், கல்யாண நாள் என்று பிரித்துக்கொண்டால் பணமும் நெருக்காது, ஒப்பீடும் வராது. தீபாவளிக்குக் கொடுப்பது மட்டும் சம விலையில் இருக்கட்டும். அன்று எல்லோர் வீட்டிலும் எல்லோர் பையும் பிரிக்கப்படும்.

கடைசியாக ஒன்று. எதை வாங்கினாலும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு ஆச்சு?" உண்மையைச் சொன்னால் பொருள் பீரோவுக்குப் போய்விடும். பாதி விலை சொல்லுங்கள், ஆஃபரில் கிடைத்தது என்று சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஸ்கூல் ஃபீஸைப் பற்றி அவர்கள் நம்மிடம் சொன்ன பொய்களைவிட இது ஒன்றும் பெரிதில்லை. பில்லை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். அளவு மாற்ற வேண்டியிருக்கும்.