ஆய்வுக் கட்டுரையின் முன்னுரையை மதிப்பிடுதல்: தாதிமைத்துறை ஆய்வு ஒன்றை முன்வைத்து

ஆய்வாளர் எழுப்பும் வினா எழுப்பத்தக்கதுதானா என்பதை வாசகருக்கு உணர்த்த வேண்டிய பகுதியே முன்னுரையாகும். சங்க காலத்தில் தொடங்கி, ஆய்வுப் பொருளை எட்டாமலேயே முடியும் முன்னுரைகள் ஆய்வேடுகளைத் திருத்தும் நமக்குப் புதியன அல்ல. சொந்தத் துறையில் இக்குறை எளிதாகக் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஆகவே, நமக்குப் பழக்கமில்லாத தாதிமைத் துறையின் முன்னுரை ஒன்றை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

லிண்டா எய்க்கனும் அவர்தம் குழுவினரும் 2002 அக்டோபரில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்ட கட்டுரை, பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்தது. தாதி ஒருவர் கவனிக்கும் நோயாளர் எண்ணிக்கையில் ஒன்று கூடும்போது, அறுவைச் சிகிச்சை பெற்றோர் 30 நாளுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு விகிதம் 7 விழுக்காடு உயர்ந்திருந்தது என்பது அதன் முடிவுகளுள் ஒன்று.

ஜான் சுவேல்ஸ் 1990இல் ஆய்வு முன்னுரைகளின் நகர்வுகளை மூன்றாகப் பகுத்தார்: களத்தை நிறுவுதல், அக்களத்தில் இடைவெளியைக் காட்டுதல், அதனைத் தம் ஆய்வால் நிரப்புதல். நம் மாணவர்கள் பெரும்பாலும் இடறுவது இரண்டாவதில்தான். ‘இத்தலைப்பில் இதுவரை எவரும் ஆராயவில்லை’ என்பது இடைவெளி ஆகாது. ஆராயத் தேவையில்லாததாலும் எவரும் ஆராயாதிருக்கலாம். எய்க்கன் குழுவினர் வேறு வழியில் செல்கின்றனர். தாதியர்-நோயாளர் விகிதத்தைக் கட்டாயமாக்கும் சட்டத்தைக் கலிபோர்னியா 1999இல் இயற்றியது. ஒரு தாதிக்கு 3 நோயாளர் என்று ஒரு தரப்பும், 10 நோயாளர் வரை என்று மற்றொரு தரப்பும் வாதிட்டன. 2002இன் தொடக்கத்தில் அரசு 6 என அறிவித்து, பின்னர் 5 ஆகக் குறைக்கப்படும் என்றது. மூன்றுக்கும் பத்துக்கும் இடையில் இத்தனை தொலைவு இருப்பதே இங்கு இடைவெளி. எந்த எண்ணைத் தேர்ந்தாலும் அதன் விளைவை நோயாளியே ஏற்க வேண்டியிருப்பதால், வினாவின் தேவையைத் தனியே வலியுறுத்த வேண்டியதில்லை. (முன்னுரை 2003 சூலையைக் குறிப்பிட்டாலும், அவ்விதி நடைமுறைக்கு வந்தது 2004 சனவரியில்தான்.)

கலைச்சொல் கையாளுகையும் பாராட்டத்தக்கது. ‘காக்கத் தவறுதல்’ என்னும் பொருள்படும் தொடர் வரும் இடத்திலேயே, அது கடும் சிக்கலுக்கு உள்ளான அறுவைச் சிகிச்சை நோயாளரின் இறப்பைக் குறிக்கும் என்று விளக்கப்பட்டுவிடுகிறது.

எனினும், இம்முன்னுரையில் நாம் தயங்கும் இடம் ஒன்று உண்டு. கட்டுரைச் சுருக்கம் ‘தொடர்பை’ அறிவதே நோக்கம் என்கிறது. முன்னுரையோ ‘தாக்கத்தைத்’ தெளிவுபடுத்துவதாகக் கூறுகிறது. இரண்டும் ஒன்றல்ல. குறிப்பிட்ட ஒரு காலப்பகுதியில் மருத்துவமனைகளை ஒப்பிடும் ஆய்வு தொடர்பைக் காட்டும்; காரணத்தை நிறுவ அது மட்டும் போதாது. தாதியர் மிகுந்த மருத்துவமனை பிறவற்றாலும் சிறந்ததாக இருக்கலாம். மருத்துவமனையின் அளவு, தொழில்நுட்பம் போன்றவற்றை ஆய்வாளர்கள் கணக்கில் கொண்டனர் என்பது உண்மையே. ஆயினும் அது முன்னுரைச் சொல்லின் மிகையை நீக்கிவிடாது. ஒரே ஒரு வினாநிரலை வைத்துக்கொண்டு ‘தாக்கம்’ என்று தலைப்பிடும் தமிழாய்வுகளை நாமும் கேள்வியின்றி ஏற்று வருகிறோம்.

வகுப்பில் ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். முன்னுரையை மட்டும் மாணவரிடம் கொடுத்து, இவ்வினாவிற்கு விடை காண எத்தரவுகள் வேண்டும் என எழுதச் சொல்லி, பின்னர் ஆய்வுமுறைப் பகுதியோடு ஒப்பிடச் செய்யலாம். இக்கட்டுரையில் 10,184 தாதியரின் விடைகள், 232,342 நோயாளரின் பதிவுகள், மருத்துவமனைகள் பற்றிய தகவல்கள் ஆகிய மூன்றன் தேவையையும் முன்னுரையின் நோக்க வரிகளிலிருந்தே ஊகித்துவிட முடிகிறது.