பந்தாட்டத் திடலிற் புகுந்தோர்

இணுவிலில் றக்பி ஆடுவாரில்லை. செம்மண் தோட்டங்களுக்கு நடுவே எம்மவர் பயின்றவை உதைபந்தும் கரப்பந்தும் துடுப்பாட்டமுமே. முட்டைவடிவப் பந்தைக் கையிலேந்திப் பதினைந்து பேர் பதினைந்து பேரை முட்டித் தள்ளும் அவ்வாட்டத்தைக் கொழும்பாரும் கண்டியாருமே பெரிதும் அறிவர். ஆயினும் அதன் சரித்திரத்தில் ஒரு பகுதி எமக்கும் தொடர்புடையது. 1984 ஆம் ஆண்டு இலண்டன் லோட்ஸ் மைதானத்தில், இலங்கை அணி ஆடிக்கொண்டிருக்கையில், தமிழர் சிலர் திடலினுட் புகுந்தமை வாசகர் பலர்க்கு நினைவிருக்கும். இவ்வழிமுறையை இங்கிலாந்து முன்னரே நன்கு கண்டிருந்தது. அதனைக் கண்டது றக்பித் திடல்களிலாகும்.

தென்னாபிரிக்க அரசு 1948 தொடக்கம் நிறபேதத்தைச் சட்டமாகவே வகுத்து ஆண்டது. ஸ்பிறிங்பொக்ஸ் எனப்படும் அந்நாட்டு றக்பி அணியில் வெள்ளையர்க்கன்றி இடமில்லை. தம் நாட்டிற்கு வரும் அணியும் வெள்ளையராகவே இருத்தல் வேண்டுமென அந்நாட்டார் எதிர்பார்த்தனர். அதற்கிணங்கி நியூசீலாந்து 1960 இல் தன் மாவோரி வீரரை வீட்டில் நிறுத்திவிட்டு அணியனுப்பியது. விருந்துக்குப் போவதற்காக வீட்டுப் பிள்ளையை வெளியே தள்ளியமை போன்ற இச்செயலை அந்நாட்டு மக்களிற் பலரே கண்டித்தனர்.

1969 நவெம்பரில் ஸ்பிறிங்பொக்ஸ் அணி பிரித்தானியத் தீவுகளுக்கு வந்தது. அவ்வேளை பீற்றர் ஹெயின் என்ற பத்தொன்பது வயது இளைஞர், தென்னாபிரிக்காவில் வளர்ந்து பெற்றோருடன் அங்கிருந்து வெளியேறியவர், எதிர்ப்பியக்கமொன்றை முன்னின்று நடத்தினார். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துடனான முதலாட்டமே ஊர் மாற்றி ருவிக்கனம் மைதானத்தில் வைக்கப்பட்டது. அதிலே மாணவர் 6–3 என வென்றனர். சுவான்சியில் எதிர்ப்பாளர் அடியுண்டனர். பின்னர் திடலைச் சுற்றி முட்கம்பியும் இடப்பட்டது. ஒரு நாட் காலை, அணியினர் ஏறவேண்டிய பேருந்தில் எதிர்ப்பாளர் ஒருவர் புகுந்து, தம்மைச் சாரதியின் சக்கரத்தோடு பிணைத்துக்கொண்டு அதனைச் செலுத்திச் சென்றதுமுண்டு. இவ்வளவுக்கும் நடுவே ஆடிய அவ்வணி, நான்கு நாடுகளுடனான நான்கு பெரும் ஆட்டங்களில் ஒன்றிலேனும் வெல்லவில்லை.

ஆயினும் சுற்றுப்பயணம் நின்றுவிடவில்லை. நின்றது அடுத்த கோடையில் வரவிருந்த தென்னாபிரிக்கத் துடுப்பாட்ட அணியின் பயணம். காரணம் எளிது. றக்பி எண்பது நிமிட ஆட்டம். அவ்வளவு நேரத்துக்குப் பொலிசாரை வரிசையாக நிறுத்திக் காக்கலாம். துடுப்பாட்டமோ ஐந்து நாள் நிகழ்வது. இருபத்திரண்டு யார் நீளமான அந்த ஆடுகளத்தை இரவிலே ஒருவன் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திவிட்டால் ஆட்டம் கெட்டது. அரசாங்கமும் வற்புறுத்த, 1970 மே மாதம் அப்பயணம் கைவிடப்பட்டது.

1981 இல் அதே றக்பி அணி நியூசீலாந்து சென்றபோது அந்நாடு இரண்டாகப் பிளந்து நின்றது. ஒரே குடும்பத்தினுள்ளும் பேச்சற்றுப் போயினர் என்பர். யூலை 25 இல் ஹமில்ற்றன் நகரில் முந்நூறுக்கு மேற்பட்டோர் வேலியை உடைத்து உட்சென்று, நடுத்திடலிற் கைகோத்து நின்றனர். ஆட்டம் கைவிடப்பட்டது. தென்னாபிரிக்காவில் 1976 இலேயே தொலைக்காட்சி தொடங்கியிருந்தது; தம் வீரர் வெளிவராத அத்திடலை அந்நாட்டார் வீட்டிலிருந்தே கண்டனர். செப்டெம்பர் 12 இல் ஒக்லாந்தில் நிகழ்ந்த இறுதி ஆட்டத்தின்போது சிறு விமானமொன்று தாழப் பறந்து மாப்பொதிகளை வீசியது. அவ்வணியில் எரல் ரொபையாஸ் என்னும் வெள்ளையரல்லாத வீரர் ஒருவர் இருந்தார். ஒருவரைச் சேர்த்ததாற் சட்டம் மாறிவிட்டதா என எதிர்ப்பாளர் கேட்டது நியாயமான கேள்வியே.

எமது நாட்டுக்கும் இப்பழி ஒட்டாமற் போகவில்லை. தென்னாபிரிக்காவுடன் விளையாட்டுத் தொடர்பை ஊக்குவிப்பதில்லையெனப் பொதுநலவாய நாடுகளின் தலைவர்கள் 1977 இல் உடன்பட்டிருந்தனர். இருந்தும் இலங்கையின் முதலாவது டெஸ்ட் அணித் தலைவரான பந்துல வர்ணபுரவின் தலைமையில் ஒரு குழு, பணத்துக்காக, 1982 இல் அங்கு சென்று ஆடியது. சென்றவர்களுக்கு இருபத்தைந்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. அது முடியுமுன்னரே நீக்கப்பட்டுவிட்டது.

அடுத்த ஆண்டு 1983 யூலை. அதை இங்கு விரித்தல் வேண்டா. அதற்கடுத்த ஆண்டு ஆவணியில் இலங்கை அணி லோட்ஸிலே தன் முதல் டெஸ்டை ஆடியது. ஆட்டத்தின் முதல் நாளன்று, எம்மினத்தார் பட்ட துயரை உலகறியச் செய்யும் பொருட்டுத் தமிழர் சிலர் திடலினுள் ஓடினர். ஆட்டம் சிறிது நேரம் தடைப்பட்டுப் பின் தொடர்ந்தது. சிதத் வெத்தமுனி பத்து மணித்தியாலத்துக்கு மேலாக நின்று 190 ஓட்டங்கள் எடுத்தார். துலீப் மெண்டிஸ் 111 ஓட்டங்கள் பெற்றார். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

இவ்விரு எதிர்ப்புகளையும் ஒன்றெனக் கொள்வாருளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஸ்பிறிங்பொக்ஸ் அணியின் அமைப்பே குற்றமாயிருந்தது. ஆகவே அதை வரவிடாது தடுத்தலே எதிர்ப்பின் நோக்கம். லோட்ஸிற் புகுந்தோர் குறைகூறியது அணி தெரிந்த முறையையன்று, அவ்வணி எந்த அரசின் கொடியைத் தாங்கி வந்ததோ அந்த அரசின் செய்கையையே. உலகம் பார்க்கும் இடத்திற்கு அவர்கள் சென்றனர்; அதனை நாம் பழிக்கமாட்டோம். எனினும் அன்று இலங்கைக்காக ஆடியோருள் வினோதன் ஜோன் என்ற தமிழரும் இருந்தார். தமிழர் ஒருவர் அணியிலுளர் என்று காட்டி யூலையை மறைக்க முயல்வது நேர்மையன்று. அவர் ஆடியதாலேயே அவரைத் தூற்றுவதும் நேர்மையன்று. அவ்வாட்டத்தில் இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில் அவர் 98 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெற்றுக்களை வீழ்த்தினார். மொத்தம் ஆறு டெஸ்டுகளில் 28 விக்கெற்றுக்கள் பெற்ற அவருக்கு, லோட்ஸில் ஆடியதே கடைசி டெஸ்ட்.