உங்களுக்குத் தெரியுமா? முறிந்த பிடியும் நடவுக்கருவிதான்!

இங்கிலாந்தில் மண்வாரியின் மரப்பிடி முறிந்தால், பழைய தோட்டக்காரர்கள் அதை அடுப்பில் போட்டுவிட மாட்டார்கள். கைபிடிக்கும் மேல்பகுதியை ஒரு முழத்துக்குள் அறுத்தெடுத்து, அடிமுனையைக் கூராகச் சீவிவிட்டால் ‘டிபர்’ தயார். மண்ணில் குத்தித் துளை போட்டு, விதையோ நாற்றோ வைப்பதற்கான கருவி இது. ஆழம் பார்க்கப் பக்கவாட்டில் கோடு கீறிக்கொள்வார்கள். கல் மண்ணில் முனை தேயாமலிருக்க இரும்புப் பூண் மாட்டுவதும் உண்டு.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்ஃபோக் பகுதியில் கோதுமையையே இப்படித்தான் விதைத்தார்கள். ஒருவர் கைக்கொன்றாக நீண்ட இரும்பு டிபர்களைப் பிடித்து, பின்னோக்கி நடந்தபடியே இரண்டு வரிசை துளைகள் போட்டுக்கொண்டு போவார். பெண்களும் சிறுவர்களும் துளைக்கு இரண்டு, மூன்று மணிகளாகப் போட்டுக்கொண்டே வருவார்கள். அள்ளி வீசுவதைவிட விதை மிச்சம். ஆனால் நாள் முழுக்கக் குனிந்த அந்தப் பிள்ளைகளின் இடுப்பு என்ன பாடுபட்டிருக்கும்!

வெங்காய இனத்தைச் சேர்ந்த லீக்ஸ் பயிரிடுவோர் இன்றும் டிபரை விடுவதில்லை. சுமார் 15 செ.மீ. ஆழத்துக்குத் துளை போட்டு, நாற்றை இறக்கி, மண் தள்ளாமல் தண்ணீர் மட்டும் ஊற்றுவார்கள். வேரை மூடும் அளவுக்கு மண்ணை அந்தத் தண்ணீரே கரைத்து இறக்கிவிடும். மிச்சமுள்ள இடைவெளியில் தண்டு வெளுத்துத் தடிக்கும்.

ஈரக் களிமண்ணில் மட்டும் டிபர் வேண்டாம். குத்திய இடத்தில் துளையின் சுவர் சட்டிபோல வழவழவென்று இறுகிவிடும். வேர் பக்கவாட்டில் புக முடியாமல் திணறும். அங்கே கொத்திவிட்டு நடுவதே சரி.